உஷ்... கேக்குதா?

முன்சீட்டில் ஏறி பெல்ட்டை மாட்டுவதற்குள் அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். வண்டி தெருமுனையைக்கூடத் திரும்பியிருக்காது. கை எழும்பும். "உஷ்... கேக்குதா மாப்ளே?"

ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லக் கூடாது. சொன்னால் உங்கள் காதின் மேல் சந்தேகம் வரும், அப்புறம் வண்டியின் மேல் உங்களுக்கு இருக்கும் அக்கறையின் மேலும் வரும். கேட்கிறது என்றும் சொல்லக் கூடாது. "எந்தப் பக்கம்?" என்பார்.

முதல் பலி பாட்டு. சரியாகச் சரணம் தொடங்குகிற நேரம் பார்த்து அணைப்பார். அடுத்தது ஏசி. சித்திரை வெயில், ஜி.எஸ்.டி. சாலை, செங்கல்பட்டுகூட வந்திருக்காது. "கம்ப்ரசர் ஓடினா ஒண்ணும் பிடிபடாது" என்று அதன் கதையை முடிப்பார். பிறகு நாலு கண்ணாடியையும் இறக்கச் சொல்வார், சத்தம் வெளியிலிருந்து வருகிறதா என்று பார்க்க. உடனே ஏற்றச் சொல்வார், உள்ளேயிருந்து வருகிறதா என்று பார்க்க. பின்சீட்டில் என் பையன் சிப்ஸ் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிரிக்கத் தைரியமில்லாமல் உட்கார்ந்திருப்பான். பிரித்தாலும் மென்று தின்ன முடியாது, ஊறவைத்துத்தான் விழுங்க வேண்டும்.

"நாப்பதுல போ. ம்ம். அறுபது. ம்ம்... இப்ப காலை எடு. நியூட்ரல்ல விடு."

தேசிய நெடுஞ்சாலையில், நடு லேனில், நியூட்ரலில். பின்னால் வரும் பஸ்காரர் ஏர்ஹாரனை அழுத்தியபடியே வருவார். அந்தச் சத்தம் மட்டும் இவர் காதில் ஏறாது. இவர் தேடும் சத்தம் அதற்கும் அடியில் எங்கோ கிடக்கிறது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கொஞ்சம் பொறுப்பா என்று பஸ்ஸுக்கு ஒரு சைகை காட்டுவார். மேல்மருவத்தூர் வரும்போது எல்லோர் சட்டையும் முதுகில் ஒட்டியிருக்கும். அப்போது, "நின்னுபோச்சு" என்பார். சந்தோஷமாக அல்ல, ஊருக்குப் போகிறவரை வழியனுப்பிய முகத்தோடு.

இந்த ரகத்தினர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. பொதுவாக உங்கள் அக்காவைக் கட்டியிருப்பார்கள். நான் யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. எங்கள் அக்கா இந்தப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பவள்.

எந்தச் சத்தமானாலும் தீர்ப்பு ஒன்றுதான்: டாப்பெட். வாலிப வயதில் அம்பாசடர் ஓட்டியவர். 1489 சிசி என்ஜின். வால்வ் கவரைக் கழற்றி, ஃபீலர் கேஜைச் செருகி, இடைவெளி பார்த்து டாப்பெட் செட் பண்ணுவது அந்தக் காலத்தில் கார் வைத்திருப்பவர்களின் வழக்கம். உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது, இவர் காதுக்குள் இன்னும் நடக்கிறது. என்னுடையது 1248 சிசி டீசல். அதில் ஆயில் அழுத்தத்திலேயே இடைவெளி தானாகச் சரியாகிக்கொள்ளும். ஸ்பேனர் வைத்து முறுக்க அங்கே ஒன்றுமே கிடையாது. இதை விளக்கமாக ஒருநாள் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யாரும் முறுக்காததாலதான் லூசாயிருக்கு" என்றார்.

மெக்கானிக்குக்கு போன் போட்டு வாயாலேயே சத்தத்தைக் கேட்க வைப்பதும் உண்டு. "டிர்க்... டிர்க்... டிர்க்... கடைசியில ஒரு கிய்ங்." மெக்கானிக் மரியாதை தெரிந்தவர். "சார், அந்தக் கிய்ங் மட்டும் இன்னொரு வாட்டி?" என்பார். நிஜத்தில் அவருடைய வழி வேறு. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை என்ஜினில் ஒவ்வோர் இடமாக ஊன்றி, பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்பார். இரும்பு வழியாகச் சத்தம் நேராக ஏறிவரும். பேனட்டுக்குள் பிறக்கிற சத்தம் பாடி முழுக்க ஓடி, உள்ளே இருப்பவருக்கு டேஷ்போர்டில் பிறந்ததுபோலக் கேட்கும் என்பது அவருக்குத் தெரியும். சீட்டில் உட்கார்ந்தபடி இடம் சொல்வது கிளி ஜோசியம்தான்.

ஒர்க்‌ஷாப் வாசலில் எந்த வண்டியும் வாய் திறப்பதில்லை. ஆனாலும் வந்தது வந்தோம் என்று ஃபேன் பெல்ட் மாறும், டென்ஷனர் மாறும், என்ஜின் மவுன்ட் மாறும். பில் மட்டும் என் பெயரில் வரும்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் சொன்னது சரியாகிவிட்டது. அதுதான் வினை. திண்டிவனம் தாண்டி ராத்திரி வந்துகொண்டிருந்தோம். அடியில் விமானம் போல ஓர் உறுமல். நியூட்ரலில் விடச் சொன்னார். என்ஜின் அடங்கியது, உறுமல் அடங்கவில்லை. ஸ்டீயரிங்கை லேசாக வலது பக்கம் ஒடிக்கச் சொன்னார், கூடியது. இடது பக்கம் ஒடித்தேன், குறைந்தது. "பாரம் இடது சக்கரத்துல இறங்கும்போதுதான் கத்துது. முன்பக்கம் இடது பேரிங். அம்பதுக்கு மேல போகாதே" என்றார். டாப்பெட் என்ற பேச்சே இல்லை. மறுநாள் கழற்றிச் சுற்றிப் பார்த்தால் பேரிங் சொரசொர என்றிருந்தது. அன்றைக்கு அந்தக் காதுக்குக் கடுக்கன் போடலாம் போலிருந்தது. இப்போதும் நினைத்தால் மரியாதை வருகிறது. என்ன பிரயோஜனம்? அந்த ஒரு பேரிங்கைக் காட்டியே இன்றுவரை என் ஏசியை அணைக்கிறார்.

சொல்லவேண்டாம் என்றுதான் இருந்தேன். பின்சீட்டில் அக்கா உட்கார்ந்திருப்பாள். ஏறும்போதும் இறங்கும்போதும் அவளுடைய வலது முட்டி கடக் என்கும். எனக்குக் கேட்கிறது, பையனுக்குக் கேட்கிறது, டோல்கேட்டில் வெள்ளரிப் பிஞ்சு விற்கிற அம்மாவுக்கே கேட்டு "பாத்து இறங்குக்கா" என்றாள். போன மாதம் அவளே வாய்விட்டுச் சொன்னாள், "ஏங்க, என் முட்டியிலயும் தீபாவளியிலேருந்து ஒரு சத்தம் வருது."

"பேசாம வா. இப்பத்தான் லேசா வர ஆரம்பிச்சிருக்கு" என்றார், டேஷ்போர்டைப் பார்த்தபடி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் பழகிப்போய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்றால் சொல்கிறேன்: என் வண்டிக்கு ஒன்றும் இல்லை. ஆயில் மாற்றியாகிவிட்டது, இன்ஷூரன்ஸ் கட்டியாகிவிட்டது, ஓடுகிறது.

வெள்ளிக்கிழமை எலும்பு டாக்டரிடம் அக்காவுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். அவரும் வருகிறாராம். போகிற வழியில் மூன்றாவது கியரில் என்னவோ கேட்டுப் பார்க்க வேண்டுமாம்.