27 வயதுக் கிழவர்கள்

அமெரிக்கக் கால்பந்தில் ஒருவனுக்கு 27 வயது ஆகிவிட்டால் அவன் கிழவன். எல்லோருக்கும் இந்த விதி இல்லை. பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் 40 வயதிலும் புது மாப்பிள்ளை மாதிரி வந்து நிற்பார். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நூற்று முப்பது கிலோ ஆட்கள் மேலே வந்து விழ விழ முட்டி மோதி ஓடுகிறானே ரன்னிங் பேக், அவனுக்குத்தான். 22 வயதில் வருவான், 25இல் கொடிகட்டிப் பறப்பான், 27இல் அணியின் மேலாளர் அவன் முழங்காலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். இப்போதே தள்ளிவிட்டால் நாலு காசு தேறும் என்பது அந்தப் பெருமூச்சின் பொருள்.

தேறுவது காசுகூட இல்லை, சீட்டு. கல்லூரிப் பையன்களை 32 அணிகளும் ஆண்டுக்கொரு முறை வரிசையில் நின்று பொறுக்கிக்கொள்ளும் சடங்குக்கு டிராஃப்ட் என்று பெயர். அந்த வரிசையில் ஓர் இடத்துக்குப் பெயர் பிக். ஆகவே நட்சத்திர ஓட்டக்காரனைக் கொடுத்து பிக் வாங்குவது என்றால், கறக்கிற மாட்டை ஓட்டிவிட்டு, இனிமேல் யாரோ வீட்டுத் தொழுவத்தில் பிறக்கப்போகிற கன்றுக்கு டோக்கன் வாங்கி மடியில் முடிந்துகொண்டு வருவது. கன்று பிறக்குமா, பிறந்தால் கறக்குமா என்று கேட்டால் உங்களுக்கு விளையாட்டு ஞானம் போதாது.

இந்த வியாபாரத்துக்கு ஒரு வேதம் உண்டு. எந்த மேலாளரைத் தட்டினாலும் ஒப்பிப்பார். 1989 அக்டோபர் 12: டல்லாஸ் கௌபாய்ஸ் அணி தன் ஓட்டக்காரர் ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டா வைக்கிங்ஸுக்குத் தள்ளிவிட்ட நாள். முந்தைய பருவத்தில் 1,514 கஜம் ஓடியவர். அந்த அணியில் உருப்படியாக இருந்த ஒரே சொத்து அவர்தான். வயதா? 27.

பதிலுக்கு மினசோட்டா 5 ஆட்டக்காரர்களையும் ஒரு கட்டு பிக்கையும் கொடுத்தது. ஆட்டக்காரன் தலையில் பிக்கைக் கட்டி அனுப்பியிருந்தார்கள்: குறித்த தேதிக்குள் அந்த ஆளை டல்லாஸ் வேலையைவிட்டு நீக்கினால் பிக் டல்லாஸுக்குச் சேரும். நல்ல ஆட்களாயிற்றே, வைத்துக்கொள்வார்கள் என்று மினசோட்டா நம்பியது. டல்லாஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனோ சுளையைப் பார்த்தவர். தோலுக்கு அவரிடம் வேலை இல்லை. பெட்டி படுக்கையோடு ஊர் மாறச் சொன்ன அந்த ஐந்து பேரில் ஒருவர் டல்லாஸுக்கு வரமாட்டேன் என்று சொல்லி சான் டியேகோவுக்குப் போய்விட்டார். மானஸ்தன்.

மூன்றாம் நாள் வாக்கருக்கு மினசோட்டாவில் முதல் ஆட்டம். ஓடும்போது ஒரு கால் ஷூ கழன்று விழுந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினார். அன்றைக்கு 148 கஜம். ஊரே சாமியாடியது. அதற்குப் பிறகு அந்த ஊரில் இருந்தவரை ஒரு பருவத்தில்கூட அவர் 1,000 கஜத்தைத் தொடவில்லை. டல்லாஸோ அந்தப் பருவத்தில் 16 ஆட்டங்களில் ஒன்றை மட்டும் வென்று மண்ணைக் கவ்வி, பிறகு அந்த பிக்குகளை விற்றும் மாற்றியும் ஆள் சேர்த்து, 1992, 1993, 1995 பருவங்களில் சூப்பர் பௌல் என்ற சாம்பியன் மகுடத்தை வென்றது.

பார்த்தீர்களா, கிழவனை விற்றால் கிரீடம் வரும் என்று வேதத்தை இந்த இடத்தில் மூடிவிடுவார்கள். பின்பாதியை நான் படிக்கிறேன், கேளுங்கள்.

அந்த பிக்குகளை உருட்டிப் பிரட்டி 1990இல் டல்லாஸ் எடுத்த பெரும் புதையல் யார்? எம்மிட் ஸ்மித். அவர் என்ன வேலை பார்த்தார்? ரன்னிங் பேக்! ஓட்டக்காரனை விற்ற காசில் இன்னோர் ஓட்டக்காரனை வாங்கித்தான் மகுடம் சூடியிருக்கிறார்கள். ஓட்டக்காரன் தேவையில்லை என்பதற்கு இதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

1993இல் முதல் மகுடம் வந்த கையோடு எம்மிட் நியாயமான கூலி கேட்டார். முதலாளி ஜெர்ரி ஜோன்ஸ் கையை விரித்தார். எம்மிட் வீட்டில் உட்கார்ந்துகொண்டார். அணி முதல் ஆட்டத்தில் தோற்றது. இரண்டாவதிலும் தோற்றது. சார்ல்ஸ் ஹேலி என்ற ஆட்டக்காரர் உடைமாற்றும் அறையில் தலைக்கவசத்தைச் சுவரில் வீசி அடித்தார். சுவர் பெயர்ந்ததும் முதலாளிக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. 4 வருஷத்துக்கு 1 கோடியே 36 லட்சம் டாலர் கையெழுத்தாயிற்று. அந்த வழக்கமான பருவத்தின் கடைசி ஆட்டத்தில், முதல் பாதியிலேயே வலது தோள்பட்டை விலகியும், எம்மிட் மொத்தம் 32 முறை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். 10 முறை பந்தைப் பிடித்தார். தோள் விலகிய பிறகும் ஆட்கள் அவர்மேல் விழுந்துகொண்டுதான் இருந்தார்கள். மகுடம் மறுபடியும் வந்தது. மேலாளர்களின் வேதத்தில் இந்த அத்தியாயம் மட்டும் கரையான் அரித்துவிட்டது போலிருக்கிறது.

அதே ஜோன்ஸ் 1989இல் 14 கோடி டாலருக்கு வாங்கிய அணி இன்று ஆயிரம் கோடி டாலருக்கு மேல் போகும் என்கிறார்கள். முதலாளிக்கு மட்டும் முழங்கால் தேயாது.

கரோலினா பாந்தர்ஸ் கதைக்கு வருவோம். 2022 அக்டோபரில் அவர்கள் ஓட்டக்காரர் கிறிஸ்டியன் மெக்கஃப்ரியை சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்து 4 பிக் வாங்கினார்கள். "எதிர்காலத்தைக் கட்டுகிறோம்" என்ற வழக்கமான பஜனை. பந்தை எல்லைக்கோடு தாண்டிச் சேர்க்கிற டச்டவுனை, பத்தாம் நாள் மெக்கஃப்ரி ஒரே ஆட்டத்தில் எறிந்து ஒன்று, பிடித்து ஒன்று, ஓடி ஒன்று என்று மூன்று வகையிலும் அடித்தார். 2023 பருவத்தில் லீக்கின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் விருதும் அவருக்கே.

எதிர்காலம் என்ன ஆயிற்று? அந்த 4 பிக்கில் ஒன்று, வேறொரு பையனை வாங்குவதற்காகச் சிகாகோவுக்குக் கொடுத்த சீர்வரிசைத் தட்டில் போயிற்று. இன்னும் இரண்டு, வரிசையில் 13 இடம் முன்னால் நகர்வதற்காகப் பிட்ஸ்பர்க்குக்குப் போயின. 2023இல் அணி ஆடியது 17, வென்றது 2. அவ்வளவு கேவலமாகத் தோற்றதற்குப் பரிசாகக் கிடைத்திருக்க வேண்டிய அடுத்த வருஷத்து முதல் பிக்கும் அதே சீர்வரிசையில் ஏற்கெனவே சிகாகோ போய்ச் சேர்ந்திருந்தது. உரிமையாளர் டேவிட் டெப்பர் அந்தப் பருவத்தில் கையிலிருந்த பானத்தை எதிரணி ரசிகர்கள்மேல் வீசி 3 லட்சம் டாலர் அபராதம் கட்டினார். அவர் எறிந்ததில் குறி தப்பாதது அது ஒன்றுதான்.

கணக்கு எப்போதும் தப்பு என்று நான் சாதிக்கவில்லை. 2013இல் கிளீவ்லண்ட், ஓட்டக்காரர் டிரெண்ட் ரிச்சர்ட்சனை ஒரு முதல் சுற்று பிக்குக்கு விற்றது. வாங்கிய இண்டியானாபொலிஸில் அவர் எடுபடவே இல்லை. சபாஷ், விற்றவன் கெட்டிக்காரன்! அந்த பிக்கை வைத்துக் கெட்டிக்காரன் பிடித்த ஜானி மேன்ஸெல் இரண்டே பருவத்தில் அணியைவிட்டுப் போனார். இரண்டு கடையிலும் சரக்கு சொத்தை.

27 வயதில் கிழவனாவது இயற்கையின் சதி என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளி முடித்து மூன்று வருஷம் ஆகாமல் லீக்குக்குள் விடமாட்டார்கள். வந்ததும் 4 வருஷத்துக்குக் கட்டுப்பட்ட கூலி. முதல் சுற்றில் வந்தவனென்றால் ஐந்தாவது வருஷமும் அணியின் இஷ்டம். அதற்குப் பிறகும் போகவிடாமல் "ஃபிரான்சைஸ் டேக்" என்று ஒரு மூக்கணாங்கயிறு. ஓடுகிற கால் ஓடி முடிக்கிற வரை மலிவு விலை, விடுதலை வரும்போது "வயசாகிவிட்டதே தம்பி." 2017இல் ரன்னிங் பேக்குக்கு அந்தக் கயிற்றின் விலை 1 கோடியே 21 லட்சம் டாலர். 2023இல் 1 கோடியே 1 லட்சம். இதே இடைவெளியில் ஒவ்வோர் அணியின் சம்பள உச்சவரம்பு 16 கோடியே 70 லட்சத்திலிருந்து 22 கோடியே 48 லட்சமாக ஏறியது. விலைவாசியோடு சேர்ந்து ஏறாமல் இறங்கிய ஒரே பண்டம் இவர்களின் முழங்கால். ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர் என்பதையும், ஓர் அணியைக்கூடக் கறுப்பினத்தவர் யாரும் பெரும்பங்கு உரிமையாளராக ஆண்டதில்லை என்பதையும் இதே மூச்சில் சொன்னால் விளையாட்டில் அரசியல் பேசாதே என்பார்கள்.

நியூயார்க் ஜயன்ட்ஸ் ஒரு படி மேல். 2023இல் குவார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸுக்கு 16 கோடி டாலர் ஒப்பந்தம், ஓட்டக்காரர் சேக்குவான் பார்க்லிக்கு மூக்கணாங்கயிறு. மறு ஆண்டு பார்க்லிக்கு வயது 27. நல்லது, போய் வா என்று விட்டுவிட்டார்கள். எதிரணியான பிலடெல்ஃபியாவுக்கு அவன் போனால் எனக்குத் தூக்கம் வராது என்று ஜயன்ட்ஸ் முதலாளி தொலைக்காட்சிக் கேமரா முன்னாலேயே புலம்பினார். புலம்பினாரே தவிர, பையில் கைவிடவில்லை. பார்க்லி பிலடெல்ஃபியாவுக்கே போனார். ஜயன்ட்ஸின் சொந்த மைதானத்துக்கே வந்து 176 கஜம் ஓடினார். அந்தப் பருவத்தில் மொத்தம் 2,005 கஜம். தன் 28ஆவது பிறந்தநாளன்று சூப்பர் பௌல் வென்றார். 16 கோடி டாலர்க்காரரைப் பருவம் முடியுமுன்பே ஜயன்ட்ஸ் அனுப்பிவிட்டிருந்தது. முதலாளி இப்போது தூங்குகிறாரா, தெரியவில்லை.

வருஷா வருஷம் இண்டியானாபொலிஸில் ஒரு சந்தை கூடுகிறது. பையன்களைச் சட்டையைக் கழற்றி நிற்கவைத்து எடை பார்ப்பார்கள், உள்ளங்கையை அளப்பார்கள், 40 கஜம் ஓடவிட்டு நொடியை நூறாகப் பகுத்துக் குறித்துக்கொள்வார்கள். ஒரு மருத்துவர் முழங்காலை மடக்கி நீட்டி அழுத்திப் பார்ப்பார். மாட்டுத் தரகனாவது துண்டைப் போட்டு மறைத்துத்தான் விலை பேசுவான். இங்கே ஓடவிடுவது நேரடி ஒளிபரப்பு. பையனுக்கு வயது 21. முழங்கால் வழுவழுவென்றிருக்கிறது. மருத்துவர் தலையாட்டுகிறார். பக்கத்தில் நிற்கும் மேலாளர் விரல்விட்டு எண்ணுகிறார்: இருபத்திரண்டு, இருபத்துமூன்று, இருபத்துநான்கு...