விசில் எண்ணும் பெரியப்பா

நைனார்பாளையத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு கணக்குப் பெரியப்பா இருப்பார். நாட்டின் நிதியமைச்சருக்கே யோசனை சொல்லும் தகுதி தனக்கு உண்டு என்பது அவர் எண்ணம். அவருடைய ஆராய்ச்சி முழுக்க அடுப்படியைப் பற்றியது. அடுப்படிக்குள் போன பழக்கம் மட்டும் கிடையாது.

மொச்சை, காராமணி, கொண்டைக்கடலை எதுவானாலும் ரேஷன் துவரம்பருப்பை வைத்துத்தான் விலை பார்ப்பார். "அங்க கிலோ முப்பது ரூபா. இவன் மொச்சைக்கு என்னா வெல சொல்றான் பாரு!" உள்ளூர் மளிகைக் கடையில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடுதல் என்று தெரிந்தால், சின்னசேலத்துக்குப் போய் வாங்கிவரச் சொல்வார். சொல்வார் என்பதைக் கவனிக்கவும். 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கொள்முதல் இலாகாவை அந்த வருஷமே பெரியம்மாவிடம் ஒப்படைத்துவிட்டார். அரை நாள் வெயிலில் பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்து பெரியம்மா இரண்டு கிலோ கடலையோடு வந்து இறங்குவார். "பத்து ரூபா மிச்சம்" என்று பெரியப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போவார்.

எரிபொருள் இலாகா அவர் கையில். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். மீட்டரைப் பார்ப்பார், யூனிட் பாக்கி இருந்தால் கரண்ட் அடுப்பு, தாண்டும்போல் இருந்தால் கேஸ். சிலிண்டரை ஆட்டிப் பார்த்து லேசாக இருந்தால் கொல்லையில் பருத்திமார். கேஸில் வைத்த அன்று திண்ணையில் உட்கார்ந்தபடியே விசில் எண்ணுவார். "நாலு ஆச்சு, நிறுத்து!" கடலை ஆறு கேட்கும். கடலை பழசாகி, போர் தண்ணியில் சுண்ணாம்புச் சத்தும் இருந்தால் லேசில் வேகாது. ஊறும்போது ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டால் இளகிவிடும். பெரியப்பாவின் பட்ஜெட்டில் சோடாவுக்கு நிதி ஒதுக்கீடு இல்லை. அந்த வீட்டில் சுண்டல் மெல்லும் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்த தம்பி மகன், பையின் அடியிலிருந்து கொண்டைக்கடலை டின் ஒன்றை எடுத்து வைத்தான். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டினார். மொத்த எடை 400 கிராம். தண்ணீரை வடித்தால் 240.

"ஏண்டா தம்பி, நூத்தி அறுவது கிராம் தண்ணிக்கா காசு குடுத்த? அத ஏரோப்ளேன்ல வேற ஏத்திக்கினு வந்தியா?"

நூறு கிராம் காய்ந்த கடலையை ஊறவைத்து வேகவைத்தால் கிட்டத்தட்ட அதே 240 கிராம் வரும், ஆகவே கிலோவுக்குப் பத்து டின் என்று மனக்கணக்காகவே சொன்னார். கணக்கு சரிதான். பையனுக்குப் பேச்சு வரவில்லை.

அதற்குள் பெரியம்மா டின்னின் வளையத்தை இழுத்துத் திறந்து, அலசி, கடுகு தாளித்து, தேங்காய் துருவிப் போட்டுச் சுண்டலோடு வந்து நின்றார்.

"ராத்திரி கல்லு பொறுக்கி ஊறப்போடற வேல இல்ல. காலைல இவரு விசிலுக்குப் பயப்படற வேலயும் இல்ல. இது என்னா வெலடா?"

"நம்ம காசுல நூறு ரூபா கிட்ட வரும் பெரியம்மா."

"அவ்ளோதானா? என் ராத்திரி அதுகூடவா பெறாது?"

பெரியப்பா பதில் சொல்லவில்லை. வாய் நிறையச் சுண்டல் இருந்தது. நீரில் கிடந்த கடலைக்கு ருசி கிடையாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, இரண்டாம் தடவை தட்டை நீட்டினார்.

டின்னைவிடக் காய்ந்த பயறு மலிவு என்பதில் சந்தேகமே வேண்டாம். வீட்டில் கூலி கேட்காத ஓர் ஆள் இருக்கும்வரை அது இன்னும் மலிவு. எனவே பெரியப்பாக்களே, காய்ந்த பயறையே வாங்குங்கள். கல் பொறுக்கி ஊறப்போடுவது மட்டும் இன்று ராத்திரியிலிருந்து உங்கள் இலாகா.