அம்முணி சூப்பர்வைசர் ஆயிட்டா

வா அம்முணி, இப்புடி உக்காரு. கிளினிக்கல் சூப்பர்வைசராமே! டல்லாசுல பேத்தி பெரிய பதவிக்கு வந்துட்டான்னு ஊருக்கே போன் போட்டுச் சொல்லிப்போட்டேன். பதவிக்கு வந்தவ எப்புடி நடந்துக்கோணும்னு அப்பாரு சொல்றேன், எழுதிக்க. உனக்குத்தான் எதையும் நோட்டுல ஏத்தாம இருக்க முடியாதே.

மொதல்ல, ரூமை விட்டு வெளிய வராத. ஆட்டிசம் புள்ளைககூடத் தரையில உக்காந்து பாடுபடறது உனக்குக் கீழ வேலை பாக்கற ஆர்பிடி டெக்னீசியன் பசங்க. 40 மணி நேரப் பயிற்சி, ஒரு பரீட்சை, அதோட வந்து நிக்கற சின்னஞ்சிறுசுக. அவங்க மாசத்துல 100 மணி நேரம் வேலை செஞ்சா, குறைஞ்சது 5 மணி நேரமாவது மேற்பார்வை இருக்கோணும்னு சான்றிதழ் குடுக்கற வாரியம் விதி வெச்சிருக்குதுன்னு நீதானே சொன்ன? அந்தக் 'குறைஞ்சது' மட்டும் உன்ற கண்ணுல பட்டுறாமப் பாத்துக்க. அஞ்சு முடிஞ்சுதா, கதவைச் சாத்திக்க.

அப்பறம், வேலை சொல்லிக் குடுக்கறது. உங்க நடத்தைச் சாத்திரத்துல அதுக்கு நாலு படியாமே. வாயில சொல்லோணும், செஞ்சு காட்டோணும், அவங்களச் செய்யவிட்டுப் பாக்கோணும், சரி தப்பை அங்கயே எடுத்துச் சொல்லோணும். கைவர்ற வரைக்கும் கடைசி ரெண்டையும் திருப்பித் திருப்பிச் செய்யோணும். இதுக்கெல்லாம் பொழுது ஏது? நீ மொதப் படியோட நிறுத்திக்கறியே, அதான் சாமர்த்தியம். ராத்திரி நேரத்துல நீளமா ஒரு பிடிஎஃப் அனுப்பிப்போட்டாப் பயிற்சி முடிஞ்சுது. வரப்புல குடையைப் புடிச்சு நின்னுட்டு ஏர் ஓட்டறவனை வையற பண்ணையாருக்கும் உனக்கும் ஒரே வித்தியாசம்தான், அவருக்கு மீசை இருக்கும்.

நான் ரொம்ப ரசிக்கறது ஒண்ணு இருக்குது. ஒரு புள்ள கட்டையைத் தூக்கி வீசுனா, அடங்காப்பிடாரின்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டே. முன்னால என்ன நடந்துது, பின்னால என்ன கெடச்சுது, வேலையிலிருந்து தப்பிக்கவா, நாம திரும்பிப் பாக்கோணும்னா, பொம்மைக்கா, இல்ல அப்புடி வீசறதே அதுக்குச் சொகமா இருக்குதான்னு அக்குவேறு ஆணிவேறா அலசுவே. அதே ஒரு பையன் செஷன் நோட்டை எழுதாம ஊட்டுக்குப் போனா? "அவன் சோம்பேறி அப்பாரு." முடிஞ்சுது ஆராய்ச்சி! சோம்பேறின்னு எப்புடித் தெரியும்? நோட் எழுதல. ஏன் எழுதல? சோம்பேறி. இந்த மாதிரிக் காரணத்தை உங்க சாத்திரத்துக் குருநாதர் ஸ்கின்னர் ஒத்துக்கவே மாட்டாராமே. 1990லயே அவரு போய்ச் சேந்துட்டாரு, நீ தப்பிச்ச.

ஆளு வேலையை ஒழுங்காச் செய்யலீன்னா என்னென்ன விசாரிக்கோணும்னு 2013ல கார், வைல்டர்ங்கற ஆராய்ச்சிக்காரங்களும் கூட்டாளிகளும் ஒரு கேள்விப் பட்டியல் போட்டிருக்காங்கன்னயே. சொல்லிக் குடுத்தாச்சா, செய்ய வேண்டியது தெளிவாத் தெரியுமா, சாமானும் வசதியும் இருக்குதா, செஞ்சா என்ன நடக்குது, செய்யலீன்னா என்ன நடக்குதுன்னு. அதைக் கையில எடுத்துறாத சாமி. எடுத்தா, ஒரு புள்ளையை அனுப்பறதுக்குள்ள அடுத்த புள்ள வாசல்ல நிக்குது, நோட் எழுத நடுவுல அஞ்சு நிமிசம்கூட ஒதுக்கலீங்கறது வெளிய வந்துரும். அந்த அட்டவணையைப் போட்ட புண்ணியவதி யாருன்னும் கேப்பாங்க.

பரிசு குடுக்கறதுல மட்டும் நீ கஞ்சப்பிசினாறி இல்ல. வெள்ளிக்கெழமையானா எல்லாத்துக்கும் பீட்சா. எந்த வேலைக்குன்னு உனக்கும் தெரியாது, தின்னவங்களுக்கும் தெரியாது. குடுத்ததுக்கப்பறம் அந்த வேலை கூடுனாத்தான் அது ரீஇன்ஃபோர்ஸர்னு எனக்கே பாடம் எடுத்தவ நீ. புள்ளைக்கு முன்னால பொம்மைகளைப் பரப்பி வெச்சு எது புடிக்குதுன்னு பாக்கறே. அந்தக் கூச்சக்காரப் பையனைக் கூட்டத்துல நிறுத்திக் கை தட்டுனியே, அவனுக்கு என்ன புடிக்கும்னு ஒரு வார்த்தை கேட்டியா? லீவு கேட்டிருப்பான், அதுக்குப் பயந்துதான் கேக்கல போல.

என்ன மொறைக்கறே? சரி, ஒண்ணு மட்டும் வெளையாட்டில்லாமச் சொல்றேன். நாளைக்குக் காத்தால அவங்க முன்னால தரையில உக்காந்து நீயே ஒரு செஷன் எடு. புள்ள உன்ற மேலயும் கட்டையை வீசும், பசங்க பாக்கட்டும். முடிச்சதும், நான் எங்க பெசகுனேன்னு அவங்களக் கேளு. மொத நாளு ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. எவனாவது தொறந்தா வையாத, அப்பறம் எந்தக் காலத்துலயும் சொல்ல மாட்டாங்க.

போன் அடிக்குது பாரு, அந்தப் பையன்தான். எடு, எடு. இரு, அதென்ன அவன் பேருக்குப் பதிலா 'லேட் நோட்'னு பதிஞ்சு வெச்சிருக்கே?