முதுகுக்குப் பின்னே ஓர் ஊர்

"எய்யா, திரும்பிப் பாக்காத. நேரா பஸ்ஸுக்கு நட."

குச்சனூர் என்றதும் என் காதில் கேட்பது அப்பத்தாவின் இந்தக் குரல்தான். சுரபி நதியில் முங்கி எழுந்து, எள் முடிச்சு விளக்குப் போட்டு, காக்கைக்கு இலையில் சோறு வைத்து, சனீஸ்வரரைக் கும்பிட்டாகிவிட்டதா, அதற்குமேல் அந்த ஊரில் நமக்கு வேலை கிடையாது. கழுத்தைத் திருப்பினால் அங்கே விட்டுவிட்டு வந்தது பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்பாள். தலையில் ஈரம் சொட்டச் சொட்ட, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடப்பேன்.

தேனி இன்னும் மதுரை மாவட்டத்துக்குள் இருந்த காலம் அது. அப்பாவுக்கு ஏழரைச் சனி நடந்தது. ஆண்டிபட்டிப் பக்கம் எங்களுக்கு மானாவாரிக் காடு. மழை பொய்த்தாலும் கிணறு வற்றினாலும் பழி ஏழரைக்குத்தான். அதனால் ஆடி மாதச் சனிக்கிழமை தப்பாது. தேனியில் பஸ் மாறி, கூட்டத்தில் நசுங்கிப் போய் இறங்குவோம். எள் பொட்டலம், நல்லெண்ணெய், கறுப்புத் துணி. வாங்குவதற்கு அந்த ஊரில் இந்த மூன்றும்தான் உண்டு என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். தின்ன எதுவும் வாங்கித் தர மாட்டாள். கோயிலில் இருக்கும் சோணைக் கருப்பசாமிக்கு மதுப்புட்டி படைப்பதை நான் நின்று பார்க்கப் போனால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். தமிழ்நாட்டில் சனீஸ்வரரே மூலவராக, அதுவும் சுயம்புவாக வீற்றிருக்கும் கோயில் இது. அந்தப் பெருமையெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு ஊர் என்றால் பயம்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆடியில், சின்னமனூரில் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனவன், மறுநாள் செவ்வாய்க்கிழமை விடியலில் தனியாகக் குச்சனூரில் போய் இறங்கினேன். கிழமைதான் எல்லாவற்றையும் மாற்றியது. கோயில் வாசலில் பத்துப் பேர்கூட இல்லை. கும்பிட்டு வெளியே வந்ததும் கால் தன்னால் பஸ் நிற்கும் பக்கம் திரும்பியது. அம்பது வயசைத் தாண்டியும் கழுத்து திரும்ப மறுத்தது. அப்பத்தாவை மனசில் நினைத்துக்கொண்டு, மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன்.

வயல். கண்ணுக்கு எட்டிய மட்டும் நடவு முடிந்த வயல். நாற்று வேர்பிடித்துப் பச்சை கட்டும் பருவம். அதற்கப்பால் தென்னந்தோப்பு, அதற்கும் மேலே மேகம் இறங்கி உட்கார்ந்த மலை. ஆடிக்காற்று நெல்லின் மேல் ஓடும்போது வயலே புரண்டு படுப்பது மாதிரி இருந்தது. வானம் பார்த்த பூமிக்காரனான நான் சின்ன வயசில் பார்த்திருக்க வேண்டிய காட்சி இது. வருஷா வருஷம் முதுகைக் காட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

ஆடியில் சுரபி நதி நிரம்பி ஓடுவதைச் சனீஸ்வரர் கொடுத்த வரமென்று அப்பத்தா சொல்லுவாள். மேற்கே கடலுக்குப் போன பெரியாற்றை மறித்து 1895இல் கட்டி முடித்த அணையும், மலையைக் குடைந்த சுரங்கமும் இந்தப் பள்ளத்தாக்குக்குத் திருப்பிவிட்ட தண்ணீர் அது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு முதல் போகத் தண்ணீரை வழக்கமாக ஜூன் 1ஆம் தேதி திறப்பார்கள். ஆடி பிறக்கும்போது வாய்க்காலில் ஆறு வாரத் தண்ணீர் ஓடியிருக்கும். இந்தப் பக்கத்துப் பாலார்பட்டிக்காரர்கள் ஜனவரி 15ஆம் தேதி, அணை கட்டிய பென்னிகுயிக்கின் பிறந்தநாளில், அவர் படத்தை வைத்துப் பொங்கல் பொங்குகிறார்கள். அப்பத்தா இருந்திருந்தால் அந்தப் பொங்கலுக்கும் ஒரு படி அரிசி கொடுத்திருப்பாள். தண்ணீர் தந்தவர் யாரானாலும் அவளுக்குச் சாமிதான்.

வாய்க்கால் ஓரமாகவே நடந்தேன். ஒரு வளைவில் புங்கமரத்தடியில் விறகு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நாற்பது வயசுக்காரப் பெண் ஒருத்தி, பணியாரக் கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தேங்காய் நாரைக் குச்சியில் சுற்றிக் கட்டி, அதை எண்ணெயில் தொட்டு ஏழு குழியிலும் ஒரு சுழற்று. கரண்டி மாவு விழுந்ததும் சுர்ரென்ற சத்தம். ஓரம் சிவந்து நடுவில் குமிழி வந்ததும் கம்பியால் ஒரு குத்து, ஒரு திருப்பு. முதல் ஈடு வெந்ததும் ஒன்றைப் பிட்டுப் பின்னால் இருந்த கல்லின் மேல் வைத்தாள். எங்கிருந்தோ இரண்டு காக்கைகள் வந்து இறங்கின.

"அதுக தின்ன பெறகுதான் யாவாரம். உக்காருங்கண்ணே."

கருப்பட்டிப் பணியாரம் நாலு, காரப் பணியாரம் நாலு. கருப்பட்டிப் பணியாரத்தின் மேல்தோல் மொறுமொறுவென்று உடைந்து, உள்ளே பஞ்சாய் இருந்தது. ஏலக்காய் மணம் மூக்கில் ஏறியது. கார்த்திகைக்கு அப்பத்தா சுட்ட பணியாரத்துக்கு அப்புறம் இப்படி ஒன்றை நான் தின்றதில்லை. அரிசி எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். கரண்டியாலேயே எதிர் வயலைக் காட்டினாள்.

டீக்கு மார்க்கையன்கோட்டை ரோட்டுக்கு வரவேண்டும். அங்கே ஒரு கீற்றுக் கொட்டகைக் கடையில் ஏலக்காய் டீ. போடியில் ஏலத்துக்குப் போகும் காயைச் சலித்துப் பருமன் வாரியாகப் பிரிப்பார்கள். வெடித்தது, நிறம் மங்கியது கழிவாகிவிடும். கழிந்தாலும் வாசம் போகுமா? அதை நச்சிப் போட்ட டீயைக் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வயலுக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் தண்ணீர் முறையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

வழியில் மரத்தடியில் பெட்டி வைத்துப் பன்னீர்த் திராட்சை விற்றார்கள். நான் சிறுவனாக இருந்தபோது திராட்சை என்பது காய்ச்சலில் படுத்தால் மட்டும் வீட்டுக்கு வரும் பழம். இப்போது கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தாயிற்று. மற்ற இடங்களில் பருவத்துக்கு ஒருமுறை காய்க்கும் கொடி இந்தப் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்கக் காய்க்கிறது. புளிப்பும் இனிப்பும், நடுவே கொட்டையும் உள்ள கறுப்புப் பழம். கொட்டையில்லாத பழத்துக்குப் பழகிப்போனவர்கள் ஒருதரம் இதைத் தோலோடு மென்று பார்க்க வேண்டும். இரண்டு கிலோ வாங்கினேன்.

மனசு நொந்ததும் உண்டு. பணியாரக் கடைக்குக் கொஞ்சம் கீழே மதகில் துணிகள் சிக்கிக் கிடந்தன. கறுப்பு வேட்டி, பனியன், பாலித்தீன் பை. தோஷம் கழிகிறதென்று சனிக்கிழமை ஆட்கள் நதியில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனவை. நானும் சிறுவயதில் ஒரு டவுசரை இப்படி விட்டிருக்கிறேன். அதை யார் எடுத்துப் போட்டார்கள் என்று அன்றைக்கு யோசித்ததே இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்று வயசான விவசாயி ஒருவர் கம்பால் ஒவ்வொன்றாக இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். இவர் இழுத்தால்தான் கீழ்வயலுக்குத் தண்ணீர் பாயும். அந்தத் துணிக்கான பஞ்சும் எங்களுடையதைப் போன்ற ஒரு காட்டில் விளைந்ததுதானே. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் இறங்கினேன். தண்ணீரில் அத்தனை குளிர்ச்சி. ஒரு மணி நேரத்தில் மதகு திறந்தது. அடைபட்டிருந்த தண்ணீர் ஒரு பெருமூச்சுபோல் இறங்கி ஓடியது.

"போதும் தம்பி, கெளம்புங்க. பஸ்ஸு வந்துரும்" என்றார். கரையேறி, படித்துறைக் கல்லில் காலை நீட்டிப் படுத்தேன். காற்றில் வேட்டி காயும்வரை மூன்று பஸ் போயிற்று.

கிளம்பும்போது பணியாரக்காரப் பெண், மீந்த பத்துப் பணியாரத்தை வாழையிலையில் கட்டிக் கையில் கொடுத்தாள். காசு வாங்க மறுத்துவிட்டாள்.

"அடுத்ததரம் வீட்டாளுகளக் கூட்டிட்டு வாங்கண்ணே. சனிக்கெழமை மட்டும் வேணாம், அன்னைக்கு ஏழு மணிக்கெல்லாம் மாவு தீந்துரும்."

போன தையில் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு புதன்கிழமை போனோம். அறுப்பு நடந்துகொண்டிருந்தது.