டிக்கியை அமுக்குபவர்கள்

சென்னை சாத்தாங்காட்டில் ஒரு ஷெட்டு வாசலில் என் காரை ஜாக்கியிலிருந்து இறக்கிய சூடு ஆறவில்லை. இரும்பு மார்க்கெட்டுக்கு ஆங்கிள் வாங்க வந்த ஒருவர், வந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு நேராக வந்தார். டிக்கிமேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து ஓர் அமுக்கு. கையை எடுத்தார். வண்டி எழுந்து அடங்கியது. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "ஷாக் போயிடுச்சு சார்" என்றார். ஷாக் அப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியது. காலி அட்டைப்பெட்டி அவர் காலடியிலேயே கிடந்தது.

பெட்ரோல் விலைக்குப் பயந்து டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர் வைத்ததிலிருந்து என் வண்டி பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. மணலி பக்கம் கண்டெய்னர் டிரெய்லர்கள் தோண்டி வைத்திருக்கும் பள்ளங்களில் பின்னால் இரண்டு பேர் ஏறினாலே அடி தட்டுகிறது. அதற்காக ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புது ஷாக்கும், ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே செருகுகிற ரப்பர் பஃபரும் வாங்கிவந்தேன். இந்த பஃபரை வாங்கலாமா, காசைக் கரியாக்காமல் இருக்கலாமா என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சொல்கிறேன். முதலில் அமுக்குபவர்களை முடித்துவிடுகிறேன்.

அமுக்குபவர்களில் வகை உண்டு. ஒரே அமுக்கில் தீர்ப்புச் சொல்பவர் மேல்கோர்ட்டு. அவரிடம் அப்பீல் கிடையாது. மூன்று முறை அமுக்கி, வண்டி எத்தனை தடவை ஆடுகிறது என்று விரல்விட்டு எண்ணுபவர் கொஞ்சம் படித்தவர். இடது மூலையை அமுக்கி, வலது மூலையை அமுக்கி, மறுபடி இடதுக்கே வந்து "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்தான் ஆபத்தானவர். அந்த "ம்"முக்கு அர்த்தம் தேடி அன்றிரவு தூங்க முடியாது. கையால் அமுக்கினால் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கும் தொப்பைக்காரர்கள் டிக்கி விளிம்பில் உட்கார்ந்தே பார்ப்பார்கள். டிரெய்லர் டிரைவர்கள் பாவம். கமான் பட்டை கட்டிய நாற்பதடி வண்டியை எந்தக் கை அமுக்க முடியும்? டயரை உதைத்து ஆசையைத் தீர்த்துக்கொள்வார்கள். அவர்களுக்கு என் கார் கிடைத்தது தீபாவளி போனஸ். வரிசையில் நின்ற வண்டியிலிருந்து இறங்கி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து அமுக்கிவிட்டுப் போனார் ஒருவர். பின்னால் ஹாரன் அடித்தவனையும் அமுக்கக் கூப்பிட்டார்.

என் மாமனார் தனி ரகம். எதை அமுக்கினாலும் அவருக்கு அம்பாசடர் ஞாபகம் வந்துவிடும். "பின்னாடி உக்காந்துதா, ஒரு பட்டை சேர்த்துக் கட்டு. முடிஞ்சுது கதை" என்பார். "மாமா, இதுல பட்டையே இல்ல. காயில் ஸ்பிரிங்" என்றால், "அதான் உக்காந்துடுச்சு" என்பார். 2014-இல் அம்பாசடர் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். அவர் நிறுத்துவதாக இல்லை.

ராபர்ட் ஹூக் என்கிற ஆங்கிலேயர் ஸ்பிரிங்குக்கு விதி கண்டுபிடித்தார். எவனாவது சுட்டுவிடுவானோ என்று எழுத்துகளைக் கலைத்துப் புதிராக்கி 1676-இல் அச்சிட்டுவிட்டு, 1678-இல்தான் அவிழ்த்துக் காட்டினார். பாரத்துக்குத் தக்கபடி ஸ்பிரிங் நீளும் என்பதுதான் விஷயம். இரண்டு வருஷம்! ஸ்பிரிங்கைப் பற்றித் தெரிந்துவைத்துக்கொண்டு ஒரு மனுஷன் இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். சாத்தாங்காட்டில் டீ ஆறுகிறவரைக்கும்கூட யாராலும் முடிவதில்லை.

சரி, அமுக்குவதால் என்னதான் தெரியும்? ஷாக் அடியோடு செத்திருந்தால் தெரியும். எண்ணெய் கசிந்து வழிந்தால் அமுக்காமல் குனிந்து பார்த்தாலே தெரியும். பாதி செத்த ஷாக்கைக் கையால் பிடிக்க முடியாது. பள்ளத்தில் சக்கரம் விழுந்து எழுகிற வேகம் எங்கே, நம் உள்ளங்கையின் வேகம் எங்கே? தவிர, வண்டியைத் தாங்குவது ஷாக் இல்லை, ஸ்பிரிங். ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. புது ஷாக் போட்டால் பின்பக்கம் தூக்கும் என்று என்னிடம் சொன்னவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் கொஞ்சம் எழுந்து நிற்கலாம்.

பஃபர் தூக்குமா என்றால், அது வேறு கணக்கு. ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை ரப்பர் கட்டிப்போட்டால், மிச்சம் ஐந்து. ஸ்பிரிங் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக விறைத்துக்கொள்ளும். பாரம் ஏற்றினால் முன்போல் அவ்வளவு உட்காராது. ஆனால் பழைய மெத்தென்ற ஸ்பிரிங்குக்காகச் செய்த ஷாக்குக்கு இந்த விறைப்பை அடக்கத் தெம்பு போதாது. ஆகவே தனியாகப் போகும்போது... இருங்கள், இதைச் சொல்வதற்குள் போல்ட் சமாசாரத்தைச் சொல்லியாக வேண்டும்.

ஷெட்டுப் பையன் சோப்புத் தண்ணீர் தடவி பஃபரை லாவகமாகத்தான் செருகினான். அதில் குறையில்லை. ஆனால் ஷாக்கின் கீழ் போல்ட்டைச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே முழுசாக முறுக்கிவிட்டான். அந்த போல்ட் நுழைகிற புஷ் ரப்பரால் ஆனது. தொங்குகிற நிலையில் இறுக்கினால், வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். சும்மா மாட்டிவிட்டு, வண்டியை இறக்கி, பாரம் விழுந்த பிறகுதான் கடைசி இறுக்கு. "தம்பி, இப்ப தரையில நிக்குதுல்ல, லூஸ் பண்ணிட்டு மறுபடி டைட் பண்ணுப்பா" என்றேன். சுற்றி நின்ற அத்தனை நிபுணர்களும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். "சார் யூடியூப் பார்ப்பாரு போல" என்றார் ஆங்கிள்காரர். வண்டியைத் தொடாமல் ஒரு வார்த்தை சொன்னால் இந்த ஊரில் மதிப்பில்லை.

இவ்வளவுக்கும் மூலகாரணம் பள்ளம்கூட இல்லை, எங்கள் தெரு ஸ்பீட் பிரேக்கர். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்று ஓர் அமைப்பு இதற்கெல்லாம் அளவு எழுதிவைத்திருக்கிறது: உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், மணிக்கு 25 கிலோமீட்டரில் அலுங்காமல் ஏறி இறங்கலாம். எங்கள் தெருவில் யாரோ வீடு கட்டி மிஞ்சிய கான்கிரீட்டை ராவோடு ராவாகக் குவித்துவைத்தார்கள். அகலம் ஒரு முழம், பெயின்ட் கிடையாது. எல்லா வண்டியும் அங்கே வயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் போகிறது. புகார் எழுதிப் போடலாம் என்று டேப்பை எடுத்துக்கொண்டு போய்க் குந்தி உட்கார்ந்து அளந்தேன். எதிர்வீட்டுப் பெரியவர் வெளியே வந்தார்.

"கார்ப்பரேஷன்லேர்ந்தா சார்?"

பதில் சொல்வதற்குள் செருப்புக் காலால் அந்த மேட்டை ஓர் அமுக்கு அமுக்கிப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு இன்ச் ஏத்துங்க சார். பசங்க பறக்குறானுங்க."