சொந்த விருப்பத்தின் பேரில்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் வழியனுப்பு விழா நடத்துகின்றன. குத்துவிளக்கு ஏற்றி, ஆளுக்கொரு பேனா கொடுத்து, கேக் வெட்டி, அழச் சொல்லி வீடியோவும் எடுக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பிலும் ஆண்டுதோறும் ஒரு வழியனுப்பு உண்டு. அதற்குக் குத்துவிளக்கு கிடையாது. ஏப்ரலில் முழு ஆண்டுத் தேர்வுத் தாளைத் திருத்தி முடித்த கையோடு அலுவலகத்திலிருந்து ஒரு போன் வரும். "நாளைக்குப் பத்து மணிக்கு எச்.எம். உங்களைப் பார்க்கணுமாம். பையனைக் கூட்டிட்டு வர வேண்டாம்."

எங்கள் தெருவில் ஓர் அம்மாவுக்கு அந்தப் போன் வந்தது. விசைத்தறிக் கூடத்தில் வேலை. அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் போனார். அங்கே நடந்ததை அவர் வந்து சொன்னபடியே தருகிறேன்.

"பையன் பாஸ்தானுங்களே சார்?"

"பாஸ்தாம்மா. நம்ம ஸ்கூல்ல யாரையும் பெயில் போடுற வழக்கமே இல்ல."

"அப்புறம் எதுக்குங்க சார் டி.சி.?"

"பாஸ் போட்டாத்தானம்மா வேற ஸ்கூல்ல சேர்த்துக்குவாங்க? அவன் எதிர்காலத்தை நினைச்சுத்தான் சொல்றேன். இல்ல, இங்கயேதான் இருப்பான்னு நீங்க நின்னா, நாங்க பேப்பரை மறுபடி திருத்த வேண்டி வரும்."

இந்தக் கருணைக்கு என்ன பெயர் வைப்பது? பையன் தேறியிருக்கிறான், இங்கிருந்து ஓடிப்போனால். இருந்தால் தேறவில்லை. விடைத்தாளில் அவன் எழுதியது மாறப்போவதில்லை. அவன் நிற்கிற இடத்தைப் பொறுத்து மதிப்பெண் மாறும். நியூட்டன் பாடம் நடத்துகிற பள்ளியில் இப்படி ஒரு சார்பியல் கொள்கையும் புழங்குகிறது.

இதே அலுவலகத்தில் வேறு சமயத்தில் டி.சி. கேட்டுப் பாருங்கள். மூன்றாவது டேர்ம் பீஸ் பாக்கி, பஸ் பீஸ் பாக்கி, கிளார்க் லீவு, கரஸ்பாண்டன்ட் கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று செருப்புத் தேய நடக்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமே 2024-இல் சொல்ல வேண்டி வந்த அளவுக்கு அந்தக் காகிதத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த கைகள் இவை. ஏப்ரலில் மட்டும் அந்தக் கைகள் கர்ணனின் கைகளாகிவிடுகின்றன. கேட்காமலே தருகிறார்கள். பாக்கியையும் தள்ளுபடி செய்து தருகிறார்கள். நடத்தை: நன்று. உயர் வகுப்புக்குத் தகுதி பெற்றாரா: ஆம். இவ்வளவு நல்ல பிள்ளையை எதற்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை.

ஏன் ஒன்பதாம் வகுப்பு? ஏழில் அனுப்பலாமே, எட்டில் அனுப்பலாமே? அங்கேதான் இவர்களின் கைத்தேர்ச்சி தெரிகிறது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரைதான் பேசுகிறது. தொடக்கக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்பு, முடியும்வரை எந்தக் குழந்தையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது. எட்டு முடிந்தது, சட்டம் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டது. மறுபக்கம் 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம். 14 வயது நிரம்பாதவரை, குடும்பத் தொழில் போன்ற விலக்குகள் தவிர, வேலைக்கு வைக்கக் கூடாது. நிரம்பிவிட்டால் 18 வரை அபாயகரமான தொழில்கள் மட்டும்தான் தடை. ஒரு சட்டம் கையை விடுகிற அதே வயதில் இன்னொரு சட்டம் பட்டறைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவன் ஒன்பதாம் வகுப்புப் பையன். கரஸ்பாண்டன்ட்டுகள் சட்டப் புத்தகம் புரட்டியிருக்க மாட்டார்கள். எந்த மூட்டில் வெட்டினால் கத்தி மழுங்காது என்று கசாப்புக் கடைக்காரருக்கு உடற்கூறியல் படித்தா தெரிகிறது?

எல்லாம் ஒரு ஃப்ளெக்ஸுக்காக. மே மாதம் பள்ளி வாசலில் கட்டுவது. "பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் தொடர்ந்து 100 விழுக்காடு தேர்ச்சி". பின்னத்தின் மதிப்பைக் கூட்ட இரண்டு வழி உண்டு: மேலே இருக்கும் தொகுதியைக் கூட்டலாம், அல்லது கீழே இருக்கும் பகுதியைக் குறைக்கலாம். தொகுதியைக் கூட்டுவதற்குப் பாடம் நடத்த வேண்டும். பகுதியைக் குறைக்க ஒரு போன் போதும். 500-க்கு 499 வாங்கிய பெண்ணின் படம் ஃப்ளெக்ஸில் ஆளுயரத்துக்கு இருக்கும். பாடத்துக்கு 35 வாங்குவானோ மாட்டானோ என்று அலுவலகம் பயந்த பையனின் பங்களிப்பு அதைவிடப் பெரியது. அவன் இல்லாமல் போனதால்தான் அந்த நூறு நூறாயிற்று. நன்றியுள்ள பள்ளி என்றால் அவன் படத்தையும் ஓர் ஓரத்தில் போட வேண்டும்.

சும்மா சொல்லவில்லை. அந்தப் பையன் குறுவட்ட விளையாட்டுப் போட்டியில் நீளம் தாண்டுதலில் முதலாவதாக வந்தவன். அவன் வாங்கிய கோப்பை எச்.எம். அறையின் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. ஆண்டு விழாவில் அதைத் தூக்கிக் காட்டிப் பேசினார்கள். அன்றைக்கு நாற்காலி அடுக்கியதும் அவன்தான். டி.சி. வாங்கப் போன அம்மா நின்றுகொண்டே பேசியபோது கண்ணுக்கு நேரே அந்தக் கோப்பை இருந்திருக்கிறது. "அதையாச்சும் குடுப்பாங்களான்னு கேக்கலாமுன்னு நினைச்சனுங்க, வாய் வரல" என்றார். கோப்பை பள்ளிச் சொத்து. பையன்தான் பள்ளிக்குச் சொத்தில்லை.

மிஞ்சியவர்கள் பிழைத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பு பொங்கலோடு முடிந்துவிட்டது. அதன்பின் பத்தாம் வகுப்பு போர்ஷன், ஸ்லிப் டெஸ்ட், பி.டி. பீரியடில் கணக்கு. கோடை விடுமுறையில் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது என்று கல்வித் துறையிலிருந்து வருஷா வருஷம் சுற்றறிக்கை வரும். கத்திரி வெயில் மாதிரி அதுவும் தப்பாமல் வரும், வந்து போகும். பள்ளியில் பிள்ளைகளிடம் சொல்வார்கள்: "யூனிபார்ம் வேண்டாம், கலர் டிரஸ்ஸில் வாங்க. பேக் வேண்டாம், கட்டைப் பையில் புக்கை வெச்சுக்கங்க. யாராச்சும் கேட்டா டிராயிங் கிளாஸ்னு சொல்லுங்க." அரசாணையை எப்படி ஏய்ப்பது என்பதைச் செய்முறையோடு கற்றுக்கொடுத்துவிட்டு, குடிமையியலில் ஐந்து மதிப்பெண் வினாவுக்குக் குடிமக்களின் கடமைகளை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள்.

தனியாரை மட்டும் திட்டிவிட்டுப் போனால் அரசுக்கு வசதியாகிவிடும். 2017-இல் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிப்பதைத் தமிழக அரசு நிறுத்தியது. நல்ல காரியம், அன்றும் கைதட்டினேன். ஆனால் தேர்ச்சி விழுக்காடு மாவட்ட வாரியாக இன்றும் வருகிறது. அரசுப் பள்ளி இத்தனை, தனியார் பள்ளி இத்தனை, நூறு எடுத்த பள்ளிகள் இத்தனை என்று பட்டியல் நீளும். பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது தப்பு என்று புரிந்த துறைக்கு, மாவட்டத்தை வரிசையில் நிறுத்தினால் மாவட்டம் பள்ளியை நிறுத்தும், பள்ளி வாத்தியாரை நிறுத்தும், வாத்தியார் கடைசி பெஞ்சுப் பையனைத் தெருவில் நிறுத்துவார் என்பது மட்டும் புரியவில்லை. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் இரண்டு வருஷமும் பன்னிரண்டை உருப்போட வைக்கிறார்கள் என்றுதான் 2017-18-இல் பதினொன்றுக்கும் பொதுத் தேர்வு வைத்தார்கள். 2025-26-இல் அதை எடுத்தும்விட்டார்கள். தேர்வு வந்தது, போனது. நோய் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

யாரையும் விரட்டாமல் எல்லோரையும் மேலே ஏற்றிவிட முடியும் என்று கொரோனா ஒரு தடவை காட்டியது. 2021 பிப்ரவரியில் 9, 10, 11 வகுப்புகளுக்குத் தேர்வில்லாமலே தேர்ச்சி என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். வானம் இடிந்து விழவில்லை. அந்தப் பிள்ளைகளும் வளர்ந்து டிப்ளமா படிக்கிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள், காதலிக்கிறார்கள்.

வெளியே வந்த பையன் எங்கே போவான்? ஜூனில் தெருமுனை அரசுப் பள்ளிக்குப் போவான். அதிர்ஷ்டம் இருந்தால். அங்கே தலைமையாசிரியை அவனைச் சேர்த்துக்கொள்வார். அவனைப் போல இன்னும் நான்கு பள்ளிகள் கழித்துக் கட்டியவர்களையும் சேர்த்துக்கொள்வார். ஒன்பது மாதத்தில் அவர்களைக் கரையேற்றப் பார்ப்பார், இரண்டு பேர் ஏற மாட்டார்கள். மே மாதம் முதன்மைக் கல்வி அலுவலர் மீட்டிங்கில் அவரை எழுந்து நிற்கச் சொல்லி, ஏன் விழுக்காடு குறைந்தது என்று கேட்பார்கள். மறுநாள் பேப்பரில் தனியார் பள்ளிகள் முன்னிலை என்று வரும். குப்பையை அடுத்த வீட்டு வாசலில் கொட்டிவிட்டு, நம் வீடுதான் தெருவிலேயே சுத்தம் என்று பரிசு வாங்குவதற்குப் பெயர் கல்விச் சேவை. (பிள்ளைகளைக் குப்பை என்று எழுத எனக்குக் கை கூசுகிறது. கணக்கெழுதுகிறவர்களுக்குக் கூசவில்லை.)

அரசுப் பள்ளியும் வேண்டாம் என்றால் இன்னொரு வழியை எச்.எம்.மே சொல்லி அனுப்புகிறார்: "14½ வயசு ஆயிருச்சுன்னா தனித்தேர்வரா எழுதலாம்மா. வீட்டுல இருந்தே படிக்கலாம்." தறிச் சத்தத்தில் சுவர் அதிரும் ஒற்றை அறை வீட்டில், அறிவியல் செய்முறையையும் சேர்த்து.

டி.சி.க்கு ஒரு விண்ணப்பம் வேண்டும். பெற்றோர் கேட்டதாக எழுத்தில் இருக்க வேண்டும், தேதியோடு. அந்த அம்மாவுக்குக் கையெழுத்துப் போட வரும், கடிதம் எழுத வராது. என்னிடம் வந்தார். கோபத்தில் எழுதினேன்: "பள்ளி நிர்வாகம் வற்புறுத்துவதால் என் மகனின் மாற்றுச் சான்றிதழைக் கோருகிறேன்." மறுநாளே திரும்பி வந்தது. கிளார்க் படித்துவிட்டுச் சிரித்தாராம். "யாரும்மா எழுதினது? நீங்க சண்டை போட வந்தீங்களா, டி.சி. வாங்க வந்தீங்களா?" அம்மா என் முகத்தைப் பார்த்தார். அவருக்குச் சண்டை வேண்டாம், ஜூனுக்குள் ஒரு காகிதம் வேண்டும். நான் இரண்டாவது கடிதம் எழுதினேன். "குடும்பச் சூழ்நிலை காரணமாக, என் சொந்த விருப்பத்தின் பேரில்." அழகாகவே எழுதினேன், பழக்க தோஷம்.

பத்து நாள் கழித்து ஒருவர் கதவைத் தட்டினார். தெரியாத முகம், டெம்போ டிரைவர். மகள் ஒன்பதாம் வகுப்பு, அதே பள்ளி. "ஆபீஸ்ல இந்த மாடலைக் குடுத்து, இதே மாதிரி எழுதிட்டு வரச் சொன்னாங்க. நீங்க எழுதித் தருவீங்கன்னு தெருவுல சொன்னாங்க சார்" என்று மடித்த தாளை நீட்டினார். ஜெராக்ஸ். பையன் பெயர் இருந்த இடத்தில் வொயிட்னர் அடித்திருந்தது. மற்றதெல்லாம் என் கையெழுத்து.