நாமே பண்ணிடலாம்

கேளம்பாக்கத்தில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். எங்கள் தெருவில் இருப்பவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு, தெரு வைத்த பெயர் 'நாமே சார்'. எதைச் சொன்னாலும், "இதுக்கு எதுக்கு ஆளு? நாமே பண்ணிடலாம்" என்பார். அந்த 'நாமே'யில் அவர் மனைவியும் அடக்கம். ஏணியைப் பிடித்துக்கொள்வது, விழுந்த ஸ்க்ரூவைத் தேடுவது, மத்தியானத் தூக்கம் கெட்ட பக்கத்து வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்பது, இந்த மூன்றும் அந்த அம்மாளின் இலாகா.

வீட்டுக் கடன் வாங்கிக் கட்டிய வீடு. மாதாமாதம் தவணை போனபிறகு வீட்டை அழகுபடுத்த என்ன மிஞ்சும்? ஆகவே சிக்கனம். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் அவர் சிக்கனத்துக்குச் செலவு அதிகம்.

உதாரணத்துக்கு ஹாலில் இருக்கும் பலகைத் தட்டு. வெள்ளிக்கிழமை லீவு போட்டு, வண்டலூர் ரோடு வழியாகப் பல்லாவரம் சந்தைக்குப் போய் வாங்கிய பழைய பலகை. பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் கைப்பிடி போன குக்கரிலிருந்து ரோஜாச் செடி வரை எல்லாம் கிடைக்கும். கதவு வாங்கப் போய்ப் புறாவோடு திரும்பியவர்களும் உண்டு. இவர் பலகையோடுதான் திரும்பினார். "நூத்தம்பது ரூபா. கடையில இதே தட்டு தொள்ளாயிரம் சொல்றான்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். அவர் மனைவி பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வேறு ஒரு கணக்கு வைத்திருக்கிறார். பலகை 150, பெட்ரோல் 200, டிரில்லிங் மெஷின் 2,400, பிட்டும் பிளக்கும் 180, சுவருக்குள் போன தண்ணீர்க் குழாயில் ஓட்டை போட்டதற்கு பிளம்பர் 800. ஆக மொத்தம் 3,730.

"டிரில் மெஷினை இதுல சேர்க்கக் கூடாது. அது முதலீடு" என்பது அவர் வாதம்.

அந்த முதலீட்டைச் சும்மா வைத்திருக்கலாகாது என்றுதான் அடுத்தடுத்த ஓட்டைகள் விழுந்தன.

அவரிடம் ரசமட்டம் இரண்டு உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. எனவே மூன்றாவதாகத் தன் கண்ணை வைத்து மாட்டிய தட்டு அது. மாமல்லபுரத்தில் கிருஷ்ணரின் வெண்ணெய்ப் பந்து என்று சொல்லும் அத்தனை பெரிய பாறை, சரிவில் காலங்காலமாக உருளாமல் உட்கார்ந்திருக்கிறது. நாமே சாரின் தட்டில் ஓர் எலுமிச்சம்பழம் நிற்காது. தண்ணி லாரி போகும்போதெல்லாம் தட்டிலிருக்கும் பிள்ளையார் ஒரு நூல் நகர்ந்துகொள்வார். காலையில் விளக்கேற்றும்முன் அவரைப் பழைய இடத்துக்குத் தள்ளி வைப்பது அந்த வீட்டுப் பூஜையில் சேர்ந்துவிட்டது.

அவருடைய அம்மாவுக்கு இதிலெல்லாம் மலைப்பு கிடையாது. அந்தத் தலைமுறை ஐஸ் குச்சியில் வீடு கட்டி, வயரில் கூடை பின்னி, கல்யாணப் பத்திரிகைகளைச் சுருட்டி வாசலுக்குத் திரை தொங்கவிட்ட தலைமுறை. "டிரங்குப் பெட்டி, பழைய புஸ்தகம், மேல உங்கப்பா வேட்டி. கொலுப்படி ரெடி. ஒத்த ரூபா செலவில்ல" என்றார் ஒருநாள். மகன் முகம் மலர்ந்தது. அம்மா தொடர்ந்தார்: "ஆனா பத்தாம் நாள் பிரிச்சு வச்சிடுவோம்டா. நீ பிரிக்கறதே இல்லையே."

முட்டுக்காட்டு தக்‌ஷிணசித்ராவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போவார், இடுப்பில் அளவு டேப்போடு. 1996இல் திறந்த அந்த வளாகத்தில், இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, தூணும் உத்தரமுமாகத் திரும்பக் கோத்து நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டைப் பார்த்துவிட்டு வந்த வாரம், ஹால் தரையில் ஆத்தங்குடிக் கல் மாதிரி ஸ்டிக்கர் ஒட்டினார். மாப்பு போட்ட நான்காம் நாள் அது மாப்போடு போயிற்று. இன்னொரு தடவை போனபோதுதான் அந்த வளாகத்தை வடிவமைத்தவர் லாரி பேக்கர் என்று தெரிந்துகொண்டார். இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்த மனிதர். குறைந்த செலவில் கட்டுவதையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர். பூச்சு வேலைக்குக் காசை இறைக்காமல் செங்கலின் அழகை அப்படியே விட்டவர். நாமே சார் வீட்டுக்கு வந்து, ஏற்கெனவே காசு கொடுத்துப் பூசியிருந்த பூச்சை உளியால் பெயர்க்க ஆரம்பித்தார். பேக்கர் பூசாமல் மிச்சம் பிடித்தார், இவர் பூசியதைப் பெயர்த்து மிச்சம் பிடிக்கப் பார்த்தார். மூன்றடிக்கு மூன்றடி பெயர்ந்ததும் கை வலித்தது. அது இன்றும் அப்படியே இருக்கிறது. மேலே ஒரு காலண்டர் தொங்குகிறது.

மனைவி கேட்டபோது பல்லவர்களை இழுத்தார். "பீம ரதத்தோட அடியைப் பாத்தியா? கரடு முரடா அப்படியே விட்டுட்டான். டிக்கெட் வாங்கிட்டுப் போய்ப் பார்க்கிறாங்க. 1984லேயே யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்துட்டான்."

"அவங்க அதை ஹாலுக்குள்ள வச்சுச் செதுக்கலைங்க."

அவர் விடவில்லை. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமையாகப் பொறித்துவைத்த மகேந்திரவர்மனைத் துணைக்கு அழைத்தார். விசித்திரசித்தன் என்பது அந்த மன்னனின் பட்டப்பெயர். "அந்தப் பேரு உங்களுக்கும் பொருந்துது" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் குக்கரை இறக்கப் போனார்.

கோவளம் கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளைக் கண்ணாடித் தட்டில் பரப்பி டீப்பாய் மேல் வைத்த கதை வேறு. சல்லிக்காசு செலவில்லாத அலங்காரம். நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்த மகள், ஒரு சிப்பி சோபாவை நோக்கி நடந்து போவதைப் பார்த்து அலறினாள். உள்ளே நண்டு குடியிருந்திருக்கிறது. அது வாடகைக்கு இருந்த வீட்டை இவர் அலங்காரத்துக்கு எடுத்து வந்துவிட்டார். விடிவதற்குள் ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கோவளத்திலேயே விட்டு வந்தார். பெட்ரோல் 60 என்று நோட்டில் ஏறியது.

ஆனால் அவரை நிஜமாகத் தோற்கடித்தது ஹாலின் மேற்குச் சுவர்தான். தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை வெள்ளை வெள்ளையாகப் பூத்து, பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி உதிரும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பட்டி பார்த்தார். எமல்ஷன் அடித்தார். ஆறு மாதத்தில் மறுபடி பூத்தது. இந்த ஊரில் கோவளம் ரோட்டில் திரும்பினால் உப்பங்கழி, பக்கத்திலேயே உப்பளம். பாத்தியில் உப்புத் தண்ணீரைப் பாய்ச்சினால் வெயில் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை விட்டுப் போகும். அதே வேலைதான் அவர் சுவரில் செங்குத்தாக நடந்துகொண்டிருந்தது. செங்கலிலும் பூச்சிலும் இருக்கும் உப்பை ஈரம் கரைத்து வெளியே கொண்டுவரும். ஈரம் காயும், உப்பு படிகமாகி பெயிண்டை நெட்டித் தள்ளும். மேலே எத்தனை கோட் அடித்தாலும் உப்புக்கு அது ஒரு பொருட்டில்லை. அவர் ஐந்து வருடத்தில் நான்கு நிறம் அடித்தார். கடைசியில் செங்கல் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டினார். அசல் செங்கல் காலண்டருக்குப் பின்னால் ஒளிந்திருக்க, போலிச் செங்கல் எதிரே உப்பிக்கொண்டிருந்தது.

தீபாவளிக்குச் சம்பந்தி வீட்டார் வருவதாகத் தகவல் வந்ததும், அந்த அம்மாள் யாரையும் கேட்காமல் பெயிண்டருக்குப் போன் போட்டுவிட்டார்.

வந்தவர் வயசாளி. சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். முன்னே மாத்திரை எதுவும் போட்டீங்களா என்று டாக்டர் கேட்பாரே, அந்தக் குரலில் கேட்டார்: "சார், இதுல நீங்க ஏதாச்சும் கை வச்சீங்களா?"

நாமே சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஓதம் ஏறியிருக்கு. தண்ணி எங்கருந்து வருதுன்னு பாக்காம பெயிண்ட் அடிச்சா காசுதான் போவும்" என்று சொல்லிவிட்டு பெயிண்டர் வெளியே போய்ச் சுவரின் மறுபக்கத்தைப் பார்த்தார். நாங்களும் போனோம். அங்கே பழைய பிளாஸ்டிக் பாட்டில்களைப் பாதியாக வெட்டி, சணல் கயிற்றில் கோத்து, இருபத்துநான்கு மணிபிளான்ட் தொங்கிக்கொண்டிருந்தது. நாமே சாரின் தொங்கும் தோட்டம். மொத்தச் செலவு கயிறு முப்பது ரூபாய். ஒவ்வொரு பாட்டிலின் அடியிலும் அவர் கையால் போட்ட ஓட்டை. மேல் பாட்டில் தண்ணீர் கீழ் பாட்டிலுக்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு, கடைசியில் எல்லாம் சேர்ந்து சுவருக்கு. காலையும் மாலையும், ஐந்து வருடமாக, ஒருநாள் தவறாமல்.

யாரும் பேசவில்லை. அம்மாள் நோட்டைக்கூட எடுக்கவில்லை.

பாட்டில்களை இறக்கியாயிற்று. உதிர்ந்ததைச் சுரண்டி, உப்பைக் கழுவாமல் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, மூன்று வாரம் சுவரை ஆறப்போட்டார்கள். பெயிண்டர் சுண்ணாம்புதான் அடித்தார். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே அடைத்துவைக்காது, வெளியே விட்டுவிடும் என்றார். சுவர் வெள்ளை வெளேர் என்று நின்றது. நாமே சார் பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

கூலி வாங்கிக்கொண்டு பெயிண்டர் சாமான்களை எடுத்துவைக்கும்போது, ஓரத்தில் இருந்த காலிப் பக்கெட்டுகள் நாமே சார் கண்ணில் பட்டன. இருபது லிட்டர், மூடியோடு, மூன்று. முகத்தில் மெல்ல வெளிச்சம் ஏறியது.

"இதையெல்லாம் நீங்க என்ன பண்ணுவீங்க?"

அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "அண்ணே, அதைக் கையோட எடுத்துட்டுப் போயிடுங்கண்ணே."